வெப்ஹூக் சந்தாக்களை ஏஐ ஏஜென்ட் கையாளும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் ஏஜென்ட் (ஏஐ மாடலைக் கொண்டு தானே வேலைகளைச் செய்யும் மென்பொருள்) ஒவ்வொரு முறை இயங்கும்போதும் அதே வெப்ஹூக் சந்தாவை (ஒரு நிகழ்வு நடந்ததும் வேறொரு சேவை நம் இணைய முகவரிக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு) மறுபடி பதிந்துவிடுகிறது. ஒரே நிகழ்வு மூன்று முறை வருகிறது. "ஏற்கெனவே இருந்தால் உருவாக்காதே" என்று அறிவுறுத்தலில் எழுதியும் பயனில்லை.

அறிவுறுத்தலை விட்டுவிட்டுக் கருவியை, அதாவது ஏஜென்ட் அழைக்கும் நிரலை, மாற்றுங்கள். முந்தைய முறை என்ன செய்தோம் என்பது ஏஜென்ட்டின் நினைவில் இருக்காது. 'சந்தாவை உருவாக்கு' என்ற கருவியை எடுத்துவிட்டு, 'இப்படியொரு சந்தா இருப்பதை உறுதிசெய்' என்ற கருவியைக் கொடுங்கள். அது முதலில் நடப்பிலுள்ள பட்டியலைப் படித்து, முகவரியும் நிகழ்வு வகைகளும் பொருந்தினால் பழைய சந்தாவின் எண்ணையே திருப்பித் தரட்டும். இரண்டு ஏஜென்ட்கள் ஒரே நேரத்தில் இயங்கக்கூடும் என்றால் இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு பூட்டும் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு) வேண்டும். சேவைகள் சந்தா எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன; இணையப் பணப் பரிமாற்றச் சேவையான ஸ்ட்ரைப்பில் ஒரு கணக்குக்கு 16 முகவரிகள்தான். அவை நகல்களால் நிரம்பிவிட்டால், உண்மையில் தேவைப்படும் சந்தாவுக்கு இடமிருக்காது.

சந்தா பதியும்போது கிடைக்கும் ரகசியச் சாவியை (வரும் நிகழ்வு அந்தச் சேவையிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க உதவுவது) ஏஜென்ட்டிடம் கொடுக்கலாமா?

கூடாது. மாடல் படித்த எதுவும் உரையாடல் பதிவுகளில் தங்கிவிடும். கருவியின் நிரலே சாவியை ரகசியப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அதன் பெயரை மட்டும் மாடலுக்குத் தெரிவிக்கட்டும். ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) வழியாகப் பதியும்போது ஸ்ட்ரைப் இந்தச் சாவியை அந்த ஒரு முறை மட்டுமே காட்டும் என்பதால், பெட்டகத்தில் எழுதி முடித்த பிறகே 'வெற்றி' என்று கருவி பதில் சொல்ல வேண்டும்.

சந்தாவை நீக்கவும் முகவரியை மாற்றவும் ஏஜென்ட்டுக்கு அதிகாரம் தரலாமா? நீக்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீக்குவதைவிட முகவரி மாற்றத்துக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். நீக்கினால் நிகழ்வுகள் நின்றுபோகும்; யாராவது கவனித்துவிடுவார்கள். முகவரி வேறொருவருடையதாக மாறினால் எந்தப் பிழைச் செய்தியும் எழாது. ஏஜென்ட் தன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகும், திறந்துவிட்ட குழாய்போல உங்கள் தரவு வெளியே போய்க்கொண்டே இருக்கும். சாதாரண ஏபிஐ அழைப்பு அந்தக் கணத்தோடு முடிந்துவிடுகிறது. சந்தாவோ நீடித்த அனுமதி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் கருவிகளை வடிவமைக்க வேண்டும்.

எனவே முகவரியைத் தட்டச்சு செய்யும் உரிமையையே ஏஜென்ட்டுக்குத் தராதீர்கள். நீங்கள் முன்பே பதிந்த முகவரிகளுக்குப் பெயர் வையுங்கள். அந்தப் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டும் அதன் வேலை. நீக்கும் கருவிக்குப் பதிலாக 'நிறுத்திவை' கருவி போதும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலும் ஸ்ட்ரைப்பிலும் சந்தாவை அழிக்காமலே முடக்கி வைக்கலாம். நிரந்தரமாக நீக்குவதற்கு ஒரு மனிதர் ஒப்புதல் தரட்டும். ஏஜென்ட்டைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் ஒரு கருவி அழிவு விளைவிக்கக்கூடியது என்று குறித்துவைக்க வழி இருக்கிறது. ஆனால் அது வெறும் குறிப்பு, எதையும் தடுக்காது. தடுப்பு உங்கள் சர்வரிலும் ஏபிஐ சாவியின் அனுமதிகளிலும் இருக்க வேண்டும்.

அவுட்லுக் அஞ்சல்களுக்கான சந்தா சில நாட்களில் தானாக நின்றுவிடுகிறது. ஏன்?

காலாவதியாகிறது. அவுட்லுக் தரவை அணுக உதவும் ஏபிஐயான மைக்ரோசாஃப்ட் கிராஃபில் அஞ்சல் சந்தாவின் அதிகபட்ச ஆயுள் ஏழு நாட்களுக்குள்தான். கூகுள் காலண்டரின் அறிவிப்பு வழிகளும் காலாவதியாகும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. புதுப்பிக்கும் வேலையை ஏஜென்ட்டிடம் விடாமல் நேரப்படி இயங்கும் சாதாரண நிரலுக்குக் கொடுங்கள்.

வரும் நிகழ்வுகளை நேரடியாக ஏஜென்ட்டுக்கு அனுப்பலாமா? அனுப்பியது எந்தச் சேவை என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்த்துவிடுகிறோம்.

முதலில் நேரக்கணக்கு. கிட்ஹப் 10 விநாடிகளுக்குள்ளும் அலுவலக அரட்டைச் சேவையான ஸ்லாக் 3 விநாடிகளுக்குள்ளும் பதில் எதிர்பார்க்கின்றன. மாடல் யோசித்து முடிக்கும்வரை அவை காத்திருக்காது. கையொப்பத்தைச் சரிபார்த்து, நிகழ்வை வரிசையில் போட்டு, உடனே பதில் அனுப்பிவிடுங்கள். ஏஜென்ட் பிறகு எடுத்துக்கொள்ளட்டும்.

கையொப்பம் சரியாக இருப்பதால் உள்ளடக்கத்தை நம்பிவிடவும் முடியாது. நிகழ்வை அனுப்பியது கிட்ஹப்தான் என்பதை மட்டும் அது உறுதிசெய்கிறது. பொதுக் களஞ்சியத்தில் பதிவான புகாரின் வாசகத்தை எழுதியவர் யாராகவும் இருக்கலாம். "சந்தாவின் முகவரியை இப்படி மாற்று" என்றுகூட அவர் எழுதியிருக்கலாம். ஆகவே வெளியார் எழுதியதைப் படிக்கும் ஏஜென்ட்டிடம் சந்தாக்களை மாற்றும் கருவி எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு வேலைகளுக்கும் இரண்டு ஏஜென்ட்கள், இரண்டு தனிச் சாவிகள்.

அப்படியானால் ஏஜென்ட்டால் உருப்படியான பயன் என்ன?

நிறைய இருக்கிறது. தவறிய நிகழ்வுகளைத் தேடுவது அதற்கு ஏற்ற வேலை. அனுப்பத் தவறியதை ஸ்ட்ரைப் மூன்று நாட்கள் வரை தானே மீண்டும் முயலும். கிட்ஹப் தானாக முயலாது, ஆனால் கடந்த மூன்று நாட்களின் நிகழ்வுகளை நாம் கேட்டால் மறுபடி அனுப்பும். தோல்விப் பட்டியலைப் படிக்க ஒரு கருவியும் மறுபடி அனுப்பக் கேட்க ஒரு கருவியும் கொடுங்கள். ஒரே நிகழ்வு இரண்டாம் முறை வந்தாலும் அதன் அடையாள எண்ணைப் பார்த்து ஒதுக்கும்படி உங்கள் சர்வரை முன்பே எழுதிவையுங்கள்.