ஆப்பிரிக்கா டெலிகாம் ரெகுலேஷன் வேலை பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, நான் ஈசிஇ. சட்டம் சுத்தமா தெரியாது. இந்தப் பக்கம் வரலாமா?

பதில்: தாராளமா வாங்க தம்பி. வக்கீல், எகனாமிக்ஸ் ஆளு, ரேடியோ இன்ஜினியர், மூணு பேரும் வேணும் இங்க. ஸ்பெக்ட்ரம் புரிஞ்சு, அத மந்திரிக்கும் புரியிற மாதிரி ரெண்டு பக்கத்துல எழுதத் தெரிஞ்சா விடவே மாட்டாங்க. ஆனா ரெகுலேட்டர்ல, அதாவது டெலிகாம் கம்பெனிங்களுக்கு விதி போட்டுக் கண்காணிக்கிற அரசு அமைப்புல, நேரடி வேலை பெரும்பாலும் அந்தந்த நாட்டுக்காரங்களுக்குத்தான், அது நியாயமும்கூட. வெளியாளுங்க கன்சல்டிங், இல்லன்னா மொபைல் கம்பெனியோட ரெகுலேட்டரி டீம் வழியா வரலாம்.

கேள்வி: தினம் என்ன வேலை மேடம்? ஃபைல் தள்றதா?

பதில்: பாதி வாழ்க்கை எக்செல்லதான் போகும். கென்யாவ எடுத்துக்கோங்க, ஒரு நெட்வொர்க்லேர்ந்து இன்னொண்ணுக்கு கால் போனா, போற எடத்து கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்ளோன்னு கட்டணும், அதான் டெர்மினேஷன் ரேட், 2010ல ரெகுலேட்டர் அத 4.42 ஷில்லிங்லேர்ந்து 2.21க்கு கொறச்சாங்க, ஏர்டெல்காரங்க அப்பதான் வாங்கியிருந்த ஜெயின்ங்கிற மொபைல் கம்பெனி உடனே கால் கட்டணத்த நிமிஷத்துக்கு 3 ஷில்லிங்குக்கு எறக்கிடுச்சு, போட்டி கம்பெனி சஃபாரிகாமும் வேற வழியில்லாம எறங்குச்சு. 2011ல 1.44 ஆகியிருக்கணும், கம்பெனிங்க போட்ட சத்தத்துல தள்ளி வெச்சுட்டாங்க. கணக்கு நாம போட்டாலும் தேதி மேலிடத்துக் கையில.

கேள்வி: ரெகுலேட்டர் சொன்னா கம்பெனிங்க கேக்குமா சார்?

பதில்: சார் இல்லங்க, அக்கா 😀 நைஜீரியாவுல 2015 அக்டோபர்ல, சரியா பதிவு பண்ணாத 50 லட்சத்துக்கும் மேல சிம்ம கட் பண்ணலன்னு எம்டிஎன்ங்கிற மொபைல் கம்பெனிக்கு ஃபைன், சிம்முக்கு 2 லட்சம் நைரா, மொத்தம் 1 லட்சம் கோடி நைராவுக்கும் மேல. பேசிப் பேசி 2016 ஜூன்ல 33,000 கோடிக்கு வந்துச்சு. அதுவே பெரிய அடிதான்.

கேள்வி: சொதப்புன பாலிசி ஒண்ணு சொல்லுங்களேன்?

பதில்: உகாண்டா. ஜனங்க வம்பளக்குறாங்கன்னு பிரசிடென்ட் முசெவேனி கடுப்பாகி, 2018 ஜூலைலேர்ந்து வாட்ஸ்அப், ஃபேஸ்புக் தொறக்கவே நாளைக்கு 200 ஷில்லிங் வரி. ஜனங்க, எந்த ஆப் பாக்குறோம்னு மறைக்கிற விபிஎன் போட்டுட்டுப் போய்ட்டே இருந்தாங்க. 2021ல அத எடுத்துட்டு டேட்டா மேல 12% போட்டாங்க, இப்ப விபிஎன் போட்டாலும் தப்பிக்க முடியாது.

கேள்வி: காசில்லாம எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்கா?

பதில்: தென்னாப்பிரிக்கா ரெகுலேட்டர் ஐகாசா சைட்டுக்குப் போங்க, ஏதாவது ஒரு விஷயத்துல அவங்க கேட்ட கேள்வி, கம்பெனிங்க எழுதிக் குடுத்த பதில், கடைசி முடிவு, மூணையும் சேத்து வெச்சுப் படிங்க. அப்புறம் பிரெஞ்சு. செனகல், ஐவரி கோஸ்ட் பக்கம் அது இல்லாம ஒரு மீட்டிங்ல கூட உக்கார முடியாது, நான் லேட்டா ஆரம்பிச்சு இன்னும் திணறிட்டு இருக்கேன்.