நடையும் துணையும்: வேலூர் முதியோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே.வி.குப்பம், அணைக்கட்டு பகுதிக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இம்முறை வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எனக்கு 71 வயது. தினமும் காலையில் கோட்டைப் பக்கம் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அப்படியிருந்தும் சென்ற மாதம் இரவில் குளியலறைக்குப் போகும்போது விழுந்துவிட்டேன். நடை மட்டும் போதாதா, சிஸ்டர்? (தோட்டப்பாளையம்)

நடையை விட்டுவிடாதீர்கள், ஐயா. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமாக உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது; நீங்கள் அதைத் தாண்டியே நடக்கிறீர்கள். ஆனால் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவதும், தள்ளாடாமல் நிற்பதற்கான பயிற்சி மூன்று நாளாவதும் வேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது; நம்மில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இவ்விரண்டையும்தான். சமதரையில் எவ்வளவு நடந்தாலும், கால் இடறும்போது உடலைத் தாங்கிப் பிடிக்கும் வலு தொடைக்கு வந்துவிடுவதில்லை. கையில்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து நொடி நில்லுங்கள். பக்கத்தில் வீட்டார் யாராவது இருக்கட்டும்.

இரவில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்கு, குறிப்பாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, அழுத்தம் திடீரென இறங்கித் தலை சுற்றும். ஆகவே கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டுப் பிறகு எழுங்கள். வழியில் ஒரு சிறு விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். விழுந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம்.

அக்கினி நட்சத்திரத்தில் நடையை நிறுத்திவிடலாமா? (சத்துவாச்சாரி)

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 40 பாகையைத் தாண்டும் நம் ஊர் வெயிலில், காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடுவதால், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் குடியுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்து நெய்தவன். முட்டி வலிக்கிறது. அசைக்காமல் இருந்தால் குணமாகுமா? (குடியாத்தம்)

அசைக்காமல் வைத்தால் முட்டியைத் தாங்கும் தொடைத் தசை மெலிந்து, வலி கூடத்தான் செய்யும். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். குந்தி உட்காருவதைத் தவிருங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். அது மட்டும் வேண்டாம், ஐயா.

நான் பெங்களூரில் வேலை செய்கிறேன். ஊரில் தனியாக இருக்கும் அம்மா சரியாகச் சமைப்பதில்லை, கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார். என்ன சத்து மாவு வாங்கி அனுப்பலாம்? (அணைக்கட்டு அருகே ஒரு கிராமம்)

தம்பி, மாவை விட உங்கள் அம்மாவுக்கு வேண்டியது கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள். ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனம் வரவில்லை என்று எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கே.வி.குப்பம் வட்டாரத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கிராமப்புறச் சுகாதாரப் பிரிவான ருஹ்சா நடத்தும் முதியோர் மையங்களில், சூடான சாப்பாட்டுடன் பேச்சுத் துணையும் கிடைக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லையென்றால், அதே தெருவில் தனியாக இருக்கும் நான்கைந்து பேர் முறை வைத்து ஒரு வீட்டில் மதியம் சமைக்கட்டும். அரிசிக்கும் பருப்புக்கும் உங்களைப் போன்ற பிள்ளைகள் பணம் அனுப்பலாம். கேழ்வரகுக் களியில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. தசைக்குப் பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, முட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நாள்தோறும் சேர வேண்டும். திடீரென்று பசி குறைந்திருந்தாலோ எடை இறங்கியிருந்தாலோ, முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567-ஐ அம்மாவின் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைத்தேன். இப்போது சோறு போட மறுக்கிறான். (காட்பாடி)

அம்மா, இதில் நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யவும் 23-ஆம் பிரிவு வழிசெய்கிறது. இனி எழுதிவைக்கப் போகிறவர்கள் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேர்த்துவிடுங்கள்.

அப்பா யாரோடும் பேசுவதில்லை. கல்யாணத்துக்கு அழைத்துப் போனாலும் ஒதுங்கியே உட்காருகிறார். (பேர்ணாம்பட்டு)

காதைப் பரிசோதித்தீர்களா? கோபம் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு உண்மையில் காது மந்தமாகியிருக்கும். கேட்காததைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். காதில் குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே போதும். இல்லையென்றால் கேட்கும் கருவி உதவும். அதுவரை, முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, கத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.