கிரைண்டரை வாங்கிக்கொள்ளுங்கள்

அன்புள்ள அக்கா,

சீனாவில் இந்தச் சூசோவுக்கு வந்து நான்கு வருடமாகிறது. இந்த ஜூனோடு எங்கள் வட்டத்தில் மூன்றாவது குடும்பம் கிளம்புகிறது. எதிர் பிளாக்தான், டாலஸ் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தார்கள். தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். தோழி தன் டேபிள் டாப் கிரைண்டரை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். அதை வாங்கிவரவும் மனம் வரவில்லை. பன்னிரண்டாம் மாடிக்குக் கோவையிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. இன்னும் போய்ப் பேசவில்லை. இரண்டு வருடத்தில் அவர்களும் போய்விடுவார்கள்தானே? ஷாங்காயில் உங்களுக்கும் இப்படி இருந்ததா?

வி., சூசோ

அன்புள்ள வி.,

இருந்தது. எங்கள் குடியிருப்பிலும் ஜூன் வந்தாலே கேட்டருகே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். சர்வதேசப் பள்ளிகளுக்கு ஆண்டு முடியும் மாதம். அதே நேரத்தில், பிளம் பழுக்கும் பருவத்தில் விடாமல் பெய்யும் அந்தப் பக்கத்துப் பிளம் மழை வேறு. துணி காயாது, அலமாரியெல்லாம் பூஞ்சை. மனசு சரியில்லாமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்த ஈரம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

போகிறவர்களுக்கு அழ நேரம் இருக்காது. வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்க வேண்டும், வேலை அனுமதியை ரத்து செய்ய வேண்டும், வங்கிக் கணக்கை முடிக்க வேண்டும். இருக்கிறவருக்குத்தான் நேரம் கிடக்கிறது. விருந்துக்குப் போகாததற்காக வருத்தப்படாதீர்கள். அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை, குரூப் போட்டோவோடு சரி. ஆனால் கிளம்பும் அன்று போய் நில்லுங்கள். சூசோவில் விமான நிலையம் கிடையாது, ஷாங்காய்க்குத்தான் போக வேண்டும். அதனால் உங்கள் ஊரில் எல்லாம் கேட்டருகே, டிக்கியை மூடுகிற ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த ஐந்து நிமிடம் எனக்கு ஒருமுறை கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலிலும் மேயிலும் கொரோனா ஊரடங்கில் ஷாங்காய் அடைபட்டுக் கிடந்தது. பக்கத்து பிளாக்கில் ஒரு போலந்துக்காரி. வாட்ஸ்அப் போன்ற சீன ஆப் வீசாட்டில் கூட்டாக முட்டை ஆர்டர் போட்டதில் பழக்கம். மே கடைசியில் அவளுக்கு எப்படியோ விமானம் கிடைத்தது. எங்களுக்குக் கீழே இறங்க அனுமதியில்லை. ஐந்தாம் மாடி பால்கனியில் நின்று பார்த்தேன். முதுகில் ஒரு பை, இரண்டு கையிலும் பெட்டி, ஆளில்லாத சாலை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பெட்டிச் சக்கரத்தின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

அதற்கு முன்பு ஒரு மலையாளத் தோழி கிளம்பிய காலையில், என் வீட்டில் பேரிக்காய் நறுக்க உட்கார்ந்தேன். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஓடிவந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். பேரிக்காயைப் பங்கு போடுவது ‘ஃபென் லீ’. பிரிவுக்கும் அதே ஒலிதான். (கடிகாரம் பரிசளித்தால் இன்னும் மோசம், இறுதிச் சடங்குக்கு நிற்பதுபோல ஒலிக்கும். உங்களுக்கே தெரிந்திருக்கும்.) ஆளுக்கொரு முழுப் பழத்தைக் கையில் திணித்தார். டாக்ஸியில் இருவரும் பேசாமல் அதைக் கடித்துக்கொண்டே போனோம், சாறு முழங்கை வரை வழிய.

சரி, கிரைண்டர். வாங்கிக்கொள்ளுங்கள். சீனாவில் 220 வோல்ட். நம் ஊர்ச் சாமான் பிளக்கை மாற்றினால் ஓடும். அமெரிக்காவில் 120. டாலஸில் அது வெறும் கல். உங்கள் தோழி தியாகம் ஒன்றும் செய்யவில்லை, கூச்சப்படாதீர்கள். என்னுடையது எனக்கு முன் மூன்று வீட்டில் ஓடியது. பெல்ட் அறுந்தபோது எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் எதையோ வெட்டி மாட்டினார், அதன் பிறகும் ஓடியது. ஊர் திரும்பும்போது ஐந்தாவதாக ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் இரண்டு வருடத்தில் போவார்களா என்றால், போவார்கள். நீங்களே முந்திக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. கிரைண்டருக்குப் பேர்போன கோவையிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் கல்லை விமானத்தில் தூக்கி வந்திருக்க மாட்டார்கள். முதல் முறை அரைக்கும்போதே ஒரு டப்பா மாவு மேலே கொண்டுபோய்க் கொடுங்கள். பாதி டப்பா போதும். இந்த மழைப் புழுக்கத்தில் லிஃப்டிலேயே பொங்கிவிடும்.