லண்டனில் இது என் முதல் குளிர்காலம். தினமும் ராத்திரி டிவியில் பறவை, விலங்கு நிகழ்ச்சி பார்த்தே பொழுது போகிறது. இது வெட்டி வேலையா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வந்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். ஒரே வீட்டில் ஐந்தாறு பேர், சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு, வெளியே கால் வைத்தால் காசு. எட்டு மணிக்கு பிபிசியின் விண்டர்வாட்ச் என்ற இயற்கை நிகழ்ச்சியைப் போட்டால், உடன் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சரியா? சிரிக்கட்டும். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

நான் வந்தது 2013 செப்டம்பரில், கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கு. பனி விழும், போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். விழுந்தது எல்லாம் மழை. தென்மேற்கே சாமர்செட் பக்கம் வயல்வெளி வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்த குளிர்காலம் அது. எங்கள் வீட்டுக்காரர் ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பெட்டி மாட்டிப் பூட்டு போட்டிருந்தார். முன்னறையில் மட்டும் கொஞ்சம் சூடு இருக்கும். டிவியும் அங்கேதான். ஆகவே இயற்கை ஆர்வம் என்றெல்லாம் நான் பீற்றிக்கொள்ள மாட்டேன். கால் விறைத்தது, போய் உட்கார்ந்தேன்.

வேலை, டாகன்ஹாம் பக்கம் ஒரு கிடங்கில் இரவுக் காவல். ஆறு சிசிடிவி திரை. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை காலி லாரி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம்.

பொங்கல் கழிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். எனக்கு வேலை இல்லாத ராத்திரி. இரண்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஓர் அலறல். யாரோ ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பது போல. நிற்கும், மறுபடி அலறும். போனை எடுத்து போலீஸைக் கூப்பிடும் அவசர எண் 999-ல் இரண்டு ஒன்பது அடித்துவிட்டேன். அடுத்த கட்டிலில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை போர்வையை விலக்காமலே, “படும் தம்பி. உது நரி. தை பிறந்தால் உதுகளுக்கு உதுதான் வேலை” என்றார்.

நான் நம்பவில்லை. எங்கள் நாங்குநேரிப் பக்கம் நரி ஊளையிடும். இப்படி அலறி நான் கேட்டதில்லை. அந்த வருஷமா அடுத்த வருஷமா நினைவில்லை, விண்டர்வாட்ச் பார்க்கும்போதுதான் விளங்கியது. நம் ஊரில் இருப்பது குள்ளநரி, இங்கே இருப்பது செந்நரி, இரண்டும் வேறு வேறு. ஜனவரிதான் இதற்குக் கூடும் காலம். பெண் நரி வருஷத்தில் மூன்று நாள் போலத்தான் இணங்குமாம், அதற்குத்தான் அத்தனை கூப்பாடு. “மூண்டு நாள்தான் எண்டால் நானும் கத்துவன்” என்றார் அண்ணை.

அதற்கப்புறம்தான் என் நாலாவது திரையைக் கவனிக்க ஆரம்பித்தேன். மூன்று பத்துக்கு ஒரு நரி வரும். வேலியின் கிழிசல் வழியாக முதலில் மூக்கு, பிறகு மொத்த உடம்பு. குப்பைத் தொட்டி ஓரம் உட்கார்ந்து பின்னங்காலால் காதைச் சொறியும். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தால் இரண்டு கண்ணும் வெள்ளைக் காசு போல மின்னும். மாசக்கணக்காக அது வந்து போயிருக்கிறது. பதிவேட்டில் என் கையெழுத்தில் “03:10, விலங்கு, பிரச்சினை இல்லை” என்று பல பக்கம் இருக்கிறது. நான் பார்த்ததில்லை, எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். நான் தினமும் முழித்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இப்போது ஒருவர் வருவார்: “வெள்ளைக்காரன் டிவியில் சொன்னால்தான் பறவை கண்ணுக்குத் தெரியுமா?” உண்மைதான். என் பெரியம்மா வீடு கூந்தன்குளத்தில். மஞ்சள் மூக்கு நாரை தெருவேப்பமரத்தில் கூடு கட்டும். இமயமலைக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து குளத்தில் வந்து இறங்கும். லீவுக்குப் போன நான் செய்தது, கொடியில் காயும் சட்டையில் எச்சம் விழுந்ததென்று கத்தியதுதான். அதில் எனக்கு வெட்கம் உண்டு. அதற்காக விண்டர்வாட்ச்சை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இன்னொருவர், “இதெல்லாம் செட் போட்டு எடுப்பது” என்பார். பிபிசியின் ஃப்ரோஸன் பிளானட் தொடரில் வந்த பனிக்கரடிக் குட்டிகள் விலங்குக் காட்சியகத்தில் எடுத்தவை என்று 2011-ல் கிளம்பிய சர்ச்சை எனக்கும் தெரியும். விண்டர்வாட்ச் அந்த ரகம் இல்லை. இது நேரலை, அதனால் பாதி நேரம் ஒன்றும் நடக்காது. நடத்துகிற கிறிஸ் பேக்கமும் மிக்கேலா ஸ்ட்ராக்கனும் தடித்த ஜாக்கெட்டில் திரை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் ஒரு மரக்கட்டை. வர வேண்டிய மிருகம் வராது. அவர்கள் எச்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். காலித் திரையைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறேன், அதை ரசிக்க ஒரு மனசு வேண்டும். 2005-ல் வசந்தத்துக்கு ஸ்பிரிங்வாட்ச், மறு வருஷம் இலையுதிர்காலத்துக்கு ஆட்டம்வாட்ச், 2012-ல் விண்டர்வாட்ச் என்று வந்தவை. நடுவில் உள்ள ஆட்டம்வாட்ச்சை 2023-ல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு நஷ்டமில்லை, அக்டோபரில் அவ்வளவு குளிராது.

அக்டோபர் என்றதும் ஒன்று. ராத்திரி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மேலே “ஸீ...ப்” என்று மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கும், நிமிர்ந்தால் ஒன்றும் இருக்காது. அது ரெட்விங் என்ற பறவை என்று இந்த நிகழ்ச்சி பார்க்கத் தொடங்கிய பிறகு தெரிந்துகொண்டேன். மைனாவை விடக் கொஞ்சம் சின்னது. ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் கடல் தாண்டி இருட்டில் பறந்து வருகிறது. அதுவும் நைட் ஷிப்ட்.

ஜனவரி கடைசி வார இறுதியில் வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு, ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979-ல் தொடங்கியது. ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஓர் இனத்தில் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பார்த்தோமோ அதைத்தான் எழுத வேண்டும். வந்ததையே திரும்பத் திரும்பக் கூட்டக் கூடாது. எனக்கு முதல் தடவை நாலு சிட்டுக்குருவி, இரண்டு புறா, ஒரு ராபின். அதற்காகவே துணிக்கம்பியில் விதைக்கூண்டு ஒன்று தொங்கவிட்டேன்.

அந்த விதைக்கூண்டுதான் வினை. வீட்டைக் காலி செய்தபோது, தீனி போட்டு எலி வரவழைத்தோம் என்று அட்வான்ஸில் 90 பவுண்டைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். எலி எங்களுக்கு முன்னாலிருந்தே அங்கே குடியிருந்தது. சமையலறைச் சுவரில் ஓட்டை இருப்பதாக மூன்று முறை மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். தெர்மோஸ்டாட்டுக்குப் பூட்டு வாங்கக் காசு இருந்தது, ஓட்டையை அடைக்க இல்லை! அட்வான்ஸை அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டத்தில் போட்டுவைக்க வேண்டும் என்று 2007 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணைக்கே தெரியாது, அவர் வந்து இருபது வருஷம். நீங்கள் முதல் வேலையாக உங்கள் பணம் எந்தத் திட்டத்தில் இருக்கிறதென்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். நரி முகத்தில் முழித்த பலன் எனக்கு இதுதான்.

எங்கே விட்டேன்? வெட்டி வேலையா என்று கேட்டீர்கள். என் கணக்கில் இல்லை. ஆனால் டிவியை அணைத்த கையோடு பத்து நிமிடம் பின்வாசலைத் திறந்து நில்லுங்கள். குளிரும், பரவாயில்லை. ஈஸ்ட்ஹாம் பக்கம் என்றால் பகலில் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்ற புல்வெளிக்குப் போய்ப் பாருங்கள், பஸ் காசு மட்டும்தான்.

பின்சேர்க்கை: “ஓசியில் பார்த்துவிட்டு உபதேசமா” என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, இங்கே டிவி பார்க்கக் கட்ட வேண்டிய லைசென்ஸ் அப்போது வருஷத்துக்கு 145 பவுண்டு 50 பென்ஸ். ஐந்து பேர், ஆளுக்கு 29 பவுண்டு 10 பென்ஸ். அண்ணை தன் பங்கை முழுக்கச் சில்லறையாகக் கொடுத்தார், எண்ணியவன் நான்.