இறந்தவர் மேலயே எஃப்ஐஆர் போட்டிருந்தா இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: தேனி பக்கம் எங்க சித்தப்பா (38 வயசு, டைல்ஸ் ஒட்டுற வேலை) ஓட்டிட்டு வந்த கார்ல எதிர்ல வந்த லோடு வேன் நேருக்கு நேர் மோதி அவர் அந்த இடத்துலயே இறந்துட்டார். எஃப்ஐஆர்ல அவர் மேலயே தப்புன்னு இருக்கு. மூணு மாசம் ஆச்சு. சித்தி, ரெண்டு புள்ளைங்க, பாட்டி இருக்காங்க. ஒரு வக்கீல் வர்ற பணத்துல 30 பர்சென்ட் கேக்குறார். கேஸ் போட்டா நிக்குமா?

பதில்:

நிக்கும். ஆனா எஃப்ஐஆர்ல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துட்டு உக்காந்திருந்தா நிக்காது.

நான் வக்கீல் இல்ல, டெய்லர். 2018-ல திருநெல்வேலி தென்காசி ரோட்டுல, அப்ப அது நாலு வழியாகல, ரெண்டு வண்டி ஒதுங்கிப் போறதே பெரும்பாடு, ஆலங்குளம் தாண்டி எங்க அத்தான் கார் ஓட்ட நான் பக்கத்து சீட்டுல இருந்தேன், எதிர்ல வந்த லோடு வேன் பஸ்ஸ ஓவர்டேக் பண்ணி நேரா எங்க மேல வந்துச்சு. எனக்கு வலது மணிக்கட்டுல பிளேட், அத்தானுக்கு தொடை எலும்பு. நாங்க ஆஸ்பத்திரில மயக்கத்துல கெடக்கும்போது வேன் டிரைவர் ஸ்டேஷனுக்குப் போய் மொத ஆளா புகார் குடுத்துட்டான், எஃப்ஐஆர் அத்தான் மேல. யாரு மொதல்ல போறானோ அவன் சொல்ற கதைதான் எஃப்ஐஆர். அதுலயும் ஓட்டுனவர் இறந்துட்டார்னா எதுத்துப் பேச ஆளே கிடையாது, அவர் மேல போட்டு ஃபைல முடிக்கிறது எல்லாருக்கும் சுளுவு. உங்க சித்தப்பாவுக்கும் இதுதான் நடந்திருக்கும்னு நெனக்கிறேன்.

நல்ல விஷயம் என்னன்னா இழப்பீட்டு கேஸ் கிரிமினல் கேஸ் மாதிரி இல்ல. யார் பக்கம் நியாயம் கூட இருக்குன்னு தோணுதோ அது போதும், சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு கிடையாது. எஃப்ஐஆர் ஒரு காகிதம், அவ்வளவுதான், வேற சாட்சி வச்சு அத தள்ளலாம்.

நேருக்கு நேர் மோதல்ல எல்லாமே ரோட்டோட நடுக்கோட்டுலதான் இருக்கு. எவன் அந்தக் கோட்ட தாண்டி வந்தான், இதான் கேள்வி. இதுக்கு சாட்சி எதுவும் நீங்க குடுக்கலன்னா ஆளுக்குப் பாதி தப்புன்னு கோர்ட் முடிச்சுரும். 2006-ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு கார் பஸ் கேஸ்ல, பக்கவாட்டுல இடிச்சிருந்தா ஒருத்தர் தப்புன்னு சொல்லலாம், நேருக்கு நேர்னா ரெண்டு டிரைவருக்கும் சமமா பங்கு உண்டுன்னு சொல்லிருச்சு. பணம் குடுக்க வேண்டிய வேனோட இன்சூரன்ஸ்காரங்க வக்கீல் இதத்தான் மொதல்ல எடுத்து வைப்பார். அதே சுப்ரீம் கோர்ட் 2013-ல கேரளா கேஸ் ஒண்ணுல, மோதினதுக்கு அப்புறம் வண்டி எங்க நின்னுச்சுன்னு மகஜர்ல (சம்பவ இடத்த பாத்து போலீஸ் எழுதற குறிப்பு) இருக்கறத மட்டும் வச்சு செத்தவர் மேல தப்பு சொல்லக்கூடாதுன்னும் சொல்லிருக்கு. மோதின வேகத்துல வண்டி சுத்தி எங்கயோ போய் நிக்கும்ல. ரெண்டு தீர்ப்பையும் உங்க வக்கீலுக்கு தெரியுமான்னு கேளுங்க, முழிச்சார்னா வேற ஆள பாருங்க.

எங்களுக்கு கைகொடுத்தது என் தம்பி. சேதி கேட்டு பைக்க எடுத்துட்டு வந்தவன், எங்கள ஆம்புலன்ஸ்ல ஏத்துனதும் அழுதுகிட்டே போன்ல படம் எடுத்திருக்கான். கண்ணாடித் தூள், சக்கர வளையத்துல இருந்து உதிர்ந்த காஞ்ச மண்ணு, ரேடியேட்டர் தண்ணி பச்சையா தார்ல ஊறிக் கெடந்தது, எல்லாமே எங்க சைடுல, வெள்ளைக் கோட்டுல இருந்து நாலஞ்சு அடி உள்ள. வண்டிய இழுத்துப் போட்டுருவாங்க, ஆனா கொட்டுனது கொட்டுன இடத்துலதான் கெடக்கும். உங்களுக்கு மூணு மாசம் ஆயிருச்சு, ரோட்டுல ஒண்ணும் இருக்காது. ஆனா அன்னைக்கு கூடுன கூட்டத்துல எவனாவது வீடியோ எடுத்திருப்பான், பக்கத்து டீக்கடை, பெட்ரோல் பங்க், ஊர் வாட்ஸாப் குரூப்னு போய் விசாரிங்க.

அப்புறம் போலீஸ்கிட்ட இருக்கற பார்வை மகஜர், ரஃப் ஸ்கெட்ச் (சம்பவ இடத்தோட வரைபடம்), பிரேக் இன்ஸ்பெக்டர் (வண்டிகள சோதிக்கற மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட் மூணையும் வாங்குங்க. விபத்து கேஸ் ஆவணங்கள தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே டவுன்லோட் பண்ற வசதி இருக்கு. பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்ட யாரும் ஒழுங்கா படிக்கறதில்ல, அதுல எந்த வண்டிக்கு எங்க அடின்னு வரிசையா எழுதியிருப்பார். ரெண்டு வண்டிக்கும் வலது முன் மூலை மட்டும் போயிருந்தா ரெண்டுபேரும் கோட்ட ஒட்டி வந்திருக்காங்கன்னு இன்சூரன்ஸ் வக்கீல் வாதாடுவார். கார் முகம் முழுசும் நசுங்கியிருந்தா ஏதோ ஒரு வண்டி முழு உடம்போட எதிர்ப் பக்கம் போயிருக்குன்னு சொல்லலாம், அது வேன்தான்னு மத்த சாட்சிய வச்சு காட்டணும்.

பாதிப் பாதின்னு சும்மா சொல்லிட்டுப் போறது எவ்வளவு பணம்னு பாருங்க. சித்தப்பா மாசம் 18,000 சம்பாதிச்சார்னு வச்சுக்குங்க. 40 வயசுக்கு கீழ, சொந்தத் தொழில், அதனால எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேத்து 25,200. நம்பி இருக்கறவங்க நாலு பேர், அவரோட சொந்த செலவுக்கு கால் பங்கு கழிச்சா 18,900. வருஷத்துக்கு 2,26,800. 36-ல இருந்து 40 வயசுக்கு பெருக்கற எண் 15, ஆக 34,02,000. அன்பு, ஆதரவு இழப்பு, ஈமச்செலவு எல்லாம் தனி. இந்தக் கணக்கு 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி தீர்ப்புல இருந்து வர்றது, நானா போட்டதில்ல. பாதி தப்பு உங்க சித்தப்பா மேலன்னு எழுதிட்டா 17 லட்சம் போச்சு. முழுத் தப்பும் அவர்துன்னா இந்த வழில ஒண்ணுமே வராது.

18,000-ங்கறதுக்கும் ஆதாரம் வேணும், இல்லன்னா கோர்ட்டா ஒரு தொகைய வச்சுக்கும், அது எப்பவுமே கம்மியாத்தான் இருக்கும். மேஸ்திரி, கான்ட்ராக்டர் கணக்கு நோட்டு, ஜிபே ஸ்டேட்மென்ட், முடிஞ்சா கான்ட்ராக்டரையே கூண்டுல ஏத்துங்க.

எங்க கேஸ்ல ஒரு கூத்து நடந்துச்சு. நானும் அத்தானும் தனித்தனியா மனு போட்டோம், ஒண்ணா விசாரிச்சாங்க. குறுக்கு விசாரணைல இன்சூரன்ஸ் வக்கீல் அத்தான்கிட்ட ரொம்ப மரியாதையா, "வேன் வர்றத எவ்வளவு தூரத்துல பாத்தீங்க சார்?"னு கேட்டார். அத்தானும் பெருமையா "இருநூறு அடிக்கு முன்னாடியே பாத்துட்டேன்"னுட்டார். "அப்ப ஏன் சார் பிரேக் பிடிக்கல?" முடிஞ்சு போச்சு, 25 சதவீதம் அத்தான் மேல. ஆனா என் பணத்துல அது கை வைக்கல, ஏன்னா நான் வண்டில உக்காந்து வந்தவன், ரெண்டு டிரைவர் எப்படி பங்கு போட்டுக்கிட்டாலும் எனக்கு முழுசா வரணும், யார்கிட்ட வேணாலும் கேக்கலாம், 2015-ல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிருக்கு. அன்னைக்கு சித்தப்பா கூட வேற யாராவது வந்து அடிபட்டிருந்தா அவங்கள தனியா மனு போடச் சொல்லுங்க, காரோட இன்சூரன்ஸையும் சேத்து. ஆனா கார்ல வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா உள்ள உக்காந்தவங்களுக்கு அதுல இருந்து வராது.

என் கைக்கு மெடிக்கல் போர்டு 15 சதவீத ஊனம்னு எழுதுச்சு, கத்திரி பிடிக்கிற கைங்கறதால கோர்ட் 25-ன்னு எடுத்துக்கிச்சு. லோக் அதாலத்ல (சமரசமா பேசி முடிக்கற மக்கள் நீதிமன்றம்) மொதல்ல ரெண்டு லட்சம் சொன்னாங்க, வேண்டாம்னு வந்துட்டேன் (அங்க கையெழுத்து போட்டா அப்புறம் அப்பீல் கிடையாது), 2022-ல ஏழரை லட்சமும் வட்டியும் வந்துச்சு. இடைல கொரோனா வேற, வாய்தா வாய்தான்னு அலைஞ்சதுக்கு கணக்கே இல்ல.

எங்க காலத்துல மனு போட கெடு கிடையாது. 2022 ஏப்ரல் 1-ல இருந்து ஆறு மாசம்னு சட்டத்த மாத்திட்டாங்க. உங்களுக்கு பாதி போயிருச்சு, காரியம் முடியட்டும், வருஷம் திரும்பட்டும்னு பெரியவங்க சொன்னா கேக்காதீங்க. விபத்து நடந்த ஊர்லதான் போடணும்னு இல்ல, சித்தி குடியிருக்கற ஊர் டிரைப்யூனல்லயே (விபத்து இழப்பீட்டு கோர்ட்) போடலாம்.

இன்னொண்ணு, கார் சித்தப்பா பேர்ல இருந்து லைசென்ஸும் உயிரோட இருந்துச்சுன்னா பாலிசிய எடுத்து ஓனர் டிரைவர் பி.ஏ. கவர்னு (வண்டி ஓட்டுற ஓனருக்கான தனிநபர் விபத்து காப்பீடு) ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா 15 லட்சம், தப்பு யார் மேலங்கற பேச்சே அதுல கிடையாது, நேரா அவரோட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் குடுங்க. கேஸ் நடக்கறது பாட்டுக்கு நடக்கட்டும்.

அந்த 30 பர்சென்ட் வக்கீல்... ஜெயிக்கற பணத்துல பங்கு பேசறதே பார் கவுன்சில் விதிப்படி தப்பு. ஊருக்குள்ள நடக்குதுதான், இல்லங்கல. ஃபீஸ் இவ்வளவுன்னு ஒரு தொகையா பேசி எழுதி வாங்குங்க, வெத்து பேப்பர், வெத்து செக்குல சித்திய கையெழுத்து போட விடாதீங்க, என்கிட்ட அப்படி ஒருத்தர் ரெண்டு செக் வாங்கி வச்சிருந்தார், திருப்பி வாங்கறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு. கையில காசு இல்லன்னா ஜில்லா கோர்ட்லயே சட்ட உதவி மையம் இருக்கு, பெண்களுக்கு வருமான வரம்பெல்லாம் பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க, 15100-க்கு போன் போட்டாலும் சொல்லுவாங்க.

ரஃப் ஸ்கெட்ச் கைக்கு வந்ததும் அதுல ரோட்டோட அகலமும், மோதின இடம் ரோட்டு ஓரத்துல இருந்து எத்தன அடிங்கறதும் போட்டிருக்கான்னு பாத்து கமென்ட்ல சொல்லுங்க, எங்களோடது இன்னும் பீரோல இருக்கு, எப்படி படிக்கறதுன்னு காட்டுறேன்.