பெரிய இன்டகிரேட்டட் அம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு: திருகோணமலையில் இருந்து கேள்வி பதில்

வணக்கம். திருகோணமலையில் இருபத்தெட்டு வருடமாக அம்ப் திருத்துகிறேன். நல்ல ஸ்டீரியோ இன்டகிரேட்டட் அம்ப் ஒன்றைப் பற்றிப் போன கிழமை நாலு வரி எழுதினேன், அதைப் பார்த்து நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன், கேட்டவரின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன். ஹோம் தியேட்டர், கார் செட், கோயில் ஹோர்ன் செட் எல்லாம் வேறு தொழில், அதற்குரிய ஆட்களிடம் கேளுங்கள்.

தொடங்க முதல் இரண்டு விஷயம். ஏர்த் பின்னை வெட்டாதீர்கள். ஜப்பானில் உள்ளூரில் விற்ற சாமானின் முதுகில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும், அதை நமது 230 வோல்டில் சொருகாதீர்கள்.

உவர்மலை: இன்டகிரேட்டட் என்றால் பாட்டைத் தெரிந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீ அம்பும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் அம்பும் ஒரே பெட்டியில் இருப்பதுதானே அண்ணா? சின்ன அம்ப் ஒன்றும் அதையே செய்கிறது. ஒரு காரின் விலைக்கு விற்கிறார்களே, அப்படி உள்ளே என்ன இருக்கிறது?

தம்பி, முதலில் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். அக்யூஃபேஸ் ஈ-800 (ஜப்பான் அம்ப், கிளாஸ் ஏ வகை, அது என்ன என்று கீழே வரும்) ஒரு சனலுக்கு, அதாவது இடது வலது ஒவ்வொரு பக்கத்துக்கும், 50 வாட்ஸ்தான், ஆனால் பாரம் 36 கிலோ. அந்தப் பாரத்தில் பெரும் பங்கு ரான்ஸ்போமரும் சூட்டை வெளியே விடும் ஹீட்சிங்கும். பிளக்கில் வருவதை நல்ல நேர்மின்னாக (டிசி) மாற்றி, பாட்டில் மிருதங்கத்தின் ஒரு அடி விழுகிற அந்தக் கணத்தில் கேட்ட அளவு மின்னோட்டத்தைத் தயங்காமல் கொடுப்பதற்குத்தான் அவ்வளவு இரும்பும் செம்பும். ஸ்பீக்கருக்குப் போவது சுவரில் இருந்து வரும் மின்சாரம்தான், அம்ப் அதைப் பாட்டின் வடிவத்துக்குத் திறந்து மூடும் வால்வு மாதிரி. வருகிற குழாய் ஒடுக்கமாக இருந்தால் வால்வு எவ்வளவு திறமென்றாலும் பிரயோசனம் இல்லை.

கடையில் நின்றபடியே இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. புத்தகத்தில் 8 ஓமுக்கு எத்தனை வாட்ஸ், 4 ஓமுக்கு எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். ஓம் பாதியானால் மின்னோட்டம் இரட்டிப்பாக வேண்டும், ஆகவே வாட்ஸும் இரட்டிப்பாக வேண்டும். ஈ-800க்கு 8 ஓமில் 50, 4 ஓமில் 100. ஒரு அம்ப் 80 கொடுத்துவிட்டு 4 ஓமில் 110உடன் நின்றால் அதன் பவர் சப்ளை களைத்துப்போகிறது என்று அர்த்தம். 4 ஓமுக்கு எண்ணே போடாவிட்டால் அந்த அம்பை விட்டுவிடுங்கள்.

மிச்சக் காசு எங்கே போகிறது என்றால், இடது வலது இரண்டுக்கும் தனித்தனிச் சுற்று, சத்தமில்லாத வொலியூம், நல்ல ரிலே (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்), கனத்த பெட்டி. முகப்பில் மினுங்கும் மீட்டருக்கும் கொஞ்சம் போகிறது, அதையும் மறைக்கவேண்டாம்.

அன்புவழிபுரம்: டாம்பிங் ஃபாக்டர் 1000 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 200. ஆயிரம்தானே நல்லது?

கணக்கைப் பார்ப்போம். டாம்பிங் ஃபாக்டர் என்பது ஸ்பீக்கரின் 8 ஓமை அம்பின் உள்தடையால் வகுத்து வரும் எண், ஸ்பீக்கரின் ஆட்டத்தை அம்ப் எவ்வளவு அடக்கிப் பிடிக்கும் என்று காட்டப் போடுவது. 1000 என்றால் உள்தடை 0.008 ஓம். சரி, இனி உங்கள் ஸ்பீக்கர் வயரை எடுங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், அம்பில் இருந்து ஸ்பீக்கருக்கு 5 மீற்றர், போகவர 10 மீற்றர். அதன் தடை சுமார் 0.07 ஓம். வயரைக் கொழுவியதுமே உங்கள் ஆயிரம் நூற்றுச் சொச்சமாக இறங்கிவிடும், இருநூறும் அதற்குக் கிட்டவே வந்து நிற்கும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் சுருளுக்கே ஆறு ஓம் அளவில் தடை இருக்கிறது. ஆகவே எண்ணுக்குக் காசு கொடுக்காமல், வயரை நீளம் குறைத்து, தடிப்பாகப் போடுங்கள்.

நிலாவெளி: வீட்டில் இருந்து கடல் இருநூறு மீற்றர். பெரிய அம்ப் வைத்தால் தாங்குமா?

உங்கள் பக்கத்தில் இருந்து போன மாரியில் ஒரு அம்ப் வந்தது. ஒரு சனல் வருவதும் போவதுமாக இருந்ததாம். மூடியைக் கழற்றினேன். ஹீட்சிங்க் ஆணிகளில் துரு, ஸ்பீக்கர் முனைகளின் அடியில் பச்சைப் பூ, ரிலேயின் தொடுமுனைகள் கறுத்துப் போயிருந்தன. அந்த வால்வு வேலையைச் செய்யும் அவுட்புட் ரான்சிஸ்டர் இரண்டுக்கும் நடுவில் ஒரு பல்லி, வால் ஒன்றில் தலை மற்றதில், கருவாடாகக் காய்ந்திருந்தது. சூட்டுக்குத்தான் உள்ளே போயிருக்கும். நல்லகாலம், பியூஸ் மட்டும் போனதோடு நின்றது, ரிலேயை மாற்றி அனுப்பினேன். ரான்சிஸ்டர் போயிருந்தால் ஸ்பீக்கரும் சேர்ந்து போயிருக்கலாம்.

தாங்கும், ஆனால் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலமாவது போடுங்கள், சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடல் பக்க யன்னலுக்கு நேரே வைக்கவேண்டாம். அடியில் உள்ள காற்றுத் துளைகளுக்கு மெல்லிய நுளம்பு வலை போடலாம், மேல் துளைகளை மூடவே கூடாது. வருடத்துக்கு ஒருமுறை பின்பக்க முனைகளைக் கொன்டாக்ட் கிளீனரால் துடைத்துவிடுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெயை வொலியூமுக்குள் அடிக்காதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாலையூற்று: ஜப்பானில் இருந்து வந்த லக்ஸ்மன் அம்ப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதும் என்று விற்கிறவர் சொல்கிறார்.

போதாது. 100 வோல்ட். 230ஐ 100 ஆக்கும் ரான்ஸ்போமர் வேண்டும், பெரிய அம்புக்கு 1000 விஏ (ரான்ஸ்போமர் தாங்கும் சுமையின் அளவு) என்றால் நிம்மதி. ஹேர்ட்ஸ் பற்றிப் பயம் வேண்டாம், ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60, அவர்களின் சாமான் இரண்டிலும் ஓடும். இதே பேச்சை நம்பிச் சொருகிய ஒருவரின் அம்ப் என் மேசையில் இருக்கிறது, ரான்ஸ்போமர் கருகி அறை முழுக்க வார்னிஷ் மணம்.

கிண்ணியா: நீங்கள் புகழும் அந்த 50 வாட்ஸ் கிளாஸ் ஏ அம்புக்கு எவ்வளவு விலை! என்னிடம் கிளாஸ் டி இருக்கிறது, 200 வாட்ஸ், மூன்று கிலோ, சூடே இல்லை. நம்முடைய வெக்கையில் அறைக்குள் அடுப்பு வைப்பது என்ன நியாயம்?

நானா, இது நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லவேண்டும். தெரியாதவர்களுக்கு: கிளாஸ் ஏயில் ரான்சிஸ்டர்கள் எப்போதும் திறந்தே இருக்கும், கிளாஸ் டியில் அவை மிக வேகமாக முழுதாகத் திறந்து முழுதாக மூடும், அதனால் சூடு குறைவு.

முதலில் வாட்ஸ். 200 என்பது 50ஐப் போல நாலு மடங்கு, காதுக்கு அது 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) மட்டுமே. சத்தம் இரட்டிப்பாகக் கேட்க 10 டெசிபல் அளவில் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் வீட்டு விறாந்தையில் இருந்து பாட்டுக் கேட்டால் சராசரியாக ஒரு வாட் கூட ஓடாது.

அடுப்பு என்று சொன்னது சரி. 8 ஓமில் 50 வாட்ஸுக்கு உச்ச மின்னோட்டம் 3.5 அம்பியர். கிளாஸ் ஏ என்றால் அதில் பாதி, 1.77 அம்பியர், பாட்டு இல்லாத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பவர் சப்ளையைப் பூச்சியத்துக்கு மேலே 32 கீழே 32 என்று 64 வோல்ட் வைத்தால் ஒரு சனலுக்கு 113 வாட்ஸ், இரண்டுக்கும் 226, சும்மா இருக்கவே. நாளுக்கு நாலு மணித்தியாலம் போட்டால் மாதம் 27 யூனிட். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றால், அலையின் மேல் பாதியை ஒரு ரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை மற்றதும் எடுக்கும்போது கைமாறும் இடத்தில் ஒரு சின்ன நெளிவு வரும். மெல்லிய சத்தத்தில், வீணையின் கடைசி அதிர்வு ஓய்கிற இடத்தில்தான் அது காதில் படும். இரண்டையும் எப்போதும் திறந்தே வைத்தால் கைமாறலே இல்லை.

கிண்ணியா, மறுபடியும்: அந்த நெளிவு இன்றைய கிளாஸ் டியில் இல்லையே. மராண்ட்ஸ் கூடப் பெரிய அம்பில் அதைப் போட்டுவிட்டார்கள்.

உண்மைதான், மராண்ட்ஸின் பிஎம்-10இல் ஹைபெக்ஸ் கம்பனியின் கிளாஸ் டி மொடியூல் இருக்கிறது. இன்றைய நல்ல கிளாஸ் டியின் அளவீடுகள் மிகச் சுத்தம், 90 வீதத்துக்குக் கிட்டத் திறன். கிளாஸ் டி கரகரக்கும் என்பது பழைய கதை, அதை நான் சொல்லவில்லை.

சீனக்குடா: நானாவின் பக்கம்தான் நான். கிளாஸ் ஏ வாங்கினால் ஏசியும் சேர்த்து வாங்கவேண்டும்.

நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள், அப்போ என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிட்டருக்குச் சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். 23 பாகை அறையில் இருபது வருடம் ஓடுவது நமது 33 பாகை அறையில் பத்து வருடம்தான் ஓடும், அதுவும் நாலு பக்கமும் காற்றுப் படவிட்டால். ஏசி இல்லாத வீட்டுக்குக் கிளாஸ் ஏ வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். அதற்காகக் கிளாஸ் டிக்குத் தாவவேண்டியதில்லை, நடுவில் நல்ல கிளாஸ் ஏபி இருக்கிறது, மெல்லிய சத்தத்தில் ஏ மாதிரி, அதற்கு மேல் கைமாறி ஓடுவது. சனலுக்கு மூன்று சோடி ரான்சிஸ்டர், சோடிக்கு 100 மில்லி அம்பியர் பயஸ் (பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்) என்று வையுங்கள், மொத்தம் 0.3 அம்பியர். 8 ஓமில் முதல் 1.4 வாட்ஸ் வரை அது கிளாஸ் ஏயாகவே ஓடும். வீட்டில் நாம் கேட்பதில் முக்கால்வாசியும் அந்த ஒன்றரை வாட்ஸுக்குள்தான்.

கிளாஸ் டியில் என்னைத் தடுப்பது திருத்துவதுதான். ஏபியில் ரான்சிஸ்டர் போனால் கழற்றி, அளந்து, சோடி பார்த்துப் போடலாம், இருபத்தைந்து வயது அம்பையும் எழுப்பியிருக்கிறேன். கிளாஸ் டி மொடியூல் போனால் பலகையோடு மாற்றவேண்டும், பதினைந்து வருடம் கழித்து அந்தப் பலகை கிடைக்குமா என்பதை யோசித்து வாங்குங்கள்.

கிண்ணியா: பதினைந்து வருடத்தில் நான் வேறு வாங்கிவிடுவேன்.

அப்படியென்றால் உங்களுக்குக் கிளாஸ் டி சரி நானா. இதோடு இந்தக் கதையை விடுவோம், பின்னால் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள்.

தம்பலகாமம்: அப்பாவின் இசைத்தட்டுகளுக்கு ஃபோனோ (தட்டு ஊசியின் சிறு சிக்னலைப் பெருக்கும் பகுதி) உள்ளே இருக்கும் அம்ப் தேடுகிறேன். எம்எம், எம்சி எது?

தங்கச்சி, ஊசிப் பெட்டியின் (கார்ட்ரிட்ஜ்) பெயரைப் பார்த்தால் தெரியும். எம்எம் (உள்ளே காந்தம் அசைவது) 3 முதல் 5 மில்லி வோல்ட் தரும், அதற்கு நூறு மடங்கு பெருக்கமும் 47 கிலோ ஓம் சுமையும் போதும். எம்சி (சுருள் அசைவது) 0.3 மில்லி வோல்ட் அளவில், அதற்கு ஆயிரம் மடங்கு வேண்டும். தட்டு வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து மேல்தொனியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள், ஃபோனோ அதைத் திருப்பிச் சமப்படுத்தும். அதனால்தான் சாதாரண ஆக்ஸ் துளையில் கொழுவினால் சத்தம் மெலிந்து கீச்சென்று வருகிறது. பழைய தட்டுகளுக்கு நல்ல எம்எம் போதும், மிச்சக் காசுக்குப் புது ஊசி வாங்குங்கள்.

மூதூர்: ம்ம்ம் என்று ஹம் வருகிறது. ஏர்த் பின்னைக் கழற்றியதும் நின்றுவிட்டது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள்! தொடக்கத்திலேயே சொன்னேன். உள்ளே ஒரு வயர் கழன்று பெட்டியில் பட்டால், ஏர்த் இருந்தால் அந்தக் கணமே ட்ரிப் சுவிட்ச் விழும். ஏர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் பெட்டியில் நிற்கும், ஒருவர் தொட்ட பிறகுதான் ட்ரிப் விழும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே திருப்பிப் போடுங்கள். ஏர்த் பின்னே இல்லாமல் கம்பனியில் இருந்து வரும் இரண்டு வயர் அம்ப் வேறு, அதை இரட்டைக் காப்போடு செய்திருப்பார்கள்.

ஹம்மைப் பிடிக்கும் வழி: எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் கொழுவுங்கள். பெரும்பாலும் ரிவி டிஷ் வயரில் மாட்டுப்படும், அந்த வயருக்கு ஐசோலேட்டர் (ஏர்த் தொடர்பை வெட்டிச் சிக்னலை மட்டும் விடுவது) போடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே பிளக் பொயின்டில் இருந்து எடுங்கள்.

குச்சவெளி: ஸ்பீக்கரில் இல்லை, அம்ப் பெட்டியே உர்ர் என்கிறது.

அது வேறு. வளைய ரான்ஸ்போமருக்கு மின்சாரத்தில் கொஞ்சம் நேர்மின் கலந்தாலும் தாங்காது. தலைமயிர் காயவைக்கும் மெசின் அரை வேகத்தில் ஓடும்போது கவனித்துப் பாருங்கள். மலிவு இன்வேர்ட்டரில் ஓடினாலும் இதே உர்ர் வரும்.

கந்தளாய்: 100 வோல்ட் அம்பை...

மேலே பாலையூற்றுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

திருக்கடலூர்: விலை கூடிய அம்பில் வொலியூமைத் திருப்பும்போது டிக் டிக் என்று கேட்கிறது. பழுதா?

இல்லை, அது ரிலே. சாதாரண வொலியூமில் கார்பன் தடத்தில் ஒரு தகடு உராயும், கீழ் நிலையில் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும், பத்து வருடத்தில் கரகரக்கும். ரிலே வைத்துத் தடைகளை மாற்றினால் இரண்டு பக்கமும் எப்போதும் சமம். அக்யூஃபேஸ் இன்னொரு வழியில் போகிறார்கள், சிக்னலை ஒன்றுக்கொன்று பாதியாகக் குறையும் 16 மின்னோட்டங்களாகப் பிரித்து வேண்டியதை மட்டும் கூட்டுகிறார்கள், 65,536 நிலை. எனக்கு மிகப் பிடித்த வேலைப்பாடு அது.

மட்டக்களப்பு: உள்ளேயே டாக் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும்) பலகை உள்ளதை வாங்கவா?

கழற்றி மாற்றக்கூடிய பலகை என்றால் வாங்குங்கள். அம்ப் இருபது வருடம் நிற்கும், டிஜிட்டல் ஐந்து வருடத்தில் பழசாகும்.

உப்புவெளி: அண்ணா, ஜப்பான் அம்ப் 100 வோல்ட், ஸ்டெபிலைசர் போட்டால் சரிதானே?

சரியில்லை. ஸ்டெபிலைசர் 230ஐ 230 ஆக வைத்திருக்கும், 100 ஆக்காது. 230-100 ரான்ஸ்போமர் என்று கேட்டு வாங்குங்கள். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுதமாட்டேன்.

உவர்மலை, ஒரு ஐயா: 1980களில் வாங்கிய இன்டகிரேட்டட் ஒன்று வீட்டில் இருக்கிறது. இடம்பெயர்ந்து போய் வந்த பிறகு போடவே இல்லை. மனைவி விரும்பிக் கேட்ட செட். எழுப்பலாமா?

ஐயா, எழுப்பலாம் என்றுதான் நினைக்கிறேன். பல வருடம் படுத்த கப்பாசிட்டருக்கு ஒரேயடியாக முழு வோல்டேஜ் கொடுத்தால் வெடிக்கலாம். நான் முதலில் மூடியைத் திறந்து, வீங்கியிருப்பவற்றை மாற்றி, 100 வாட்ஸ் இழை பல்பு ஒன்றைத் தொடராகக் கொழுவி, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் 40, 80 என்று மெதுவாக ஏற்றுவேன். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது, எரிந்தபடியே நின்றால் உள்ளே எங்கோ ஷோர்ட். இரண்டு நாள் வேலை. ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன், கொண்டு வாருங்கள், பாரமென்றால் சொல்லுங்கள், நானே வந்து தூக்குகிறேன். அதுவரை பிளக்கைச் சொருகவேண்டாம்.