பாலியில் ஒரு வார யோகா ரிட்ரீட்: கூட்டமும் மழையும் குறைவான நாட்களில் எப்படித் திட்டமிடுவது?

கோவையில் யோகா வகுப்பு நடத்துகிறீர்கள். மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு வாரம் பாலிக்கு அழைத்துப் போக ஆசை. சீசன் நெரிசலும் வேண்டாம், அடைமழையும் வேண்டாம், எந்த மாதம் நல்லது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாலியில் தங்கிப் பயிற்சி செய்தவன், இப்போது சிறு குழுக்களுக்கு அங்கே ஏற்பாடு செய்து தருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மாதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் போதாது, எந்த வாரம் என்பது வரை பார்க்க வேண்டும். தேதி சரியாக அமைந்துவிட்டால் இடம், விலை, அட்டவணை எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

பாலியில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை மழை, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஜூலை, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களிலும் கூட்டம் உச்சத்தில் இருக்கும். எஞ்சியவை ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை ஒரு பகுதி, செப்டம்பர், அக்டோபர் இன்னொரு பகுதி. இரண்டும் ஒரே குணம் கொண்டவை அல்ல. ஏப்ரலில் வயல்கள் பச்சைப்பசேலென்று இருக்கும், ஆனால் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மழை வரலாம், கொசுவும் அதிகம். செப்டம்பரில் காற்று உலர்ந்து இதமாக இருக்கும். அக்டோபர் பிற்பகுதியில் மழைக்கு முந்தைய புழுக்கம் ஏறிவிடும், வியர்வையில் பாய் வழுக்கும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். பாலிக்குக் கூட்டமில்லாத மாதம் நமக்கு விமானக் கட்டணம் குறைந்த மாதமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமும் நம் பள்ளி விடுமுறை. ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்தபடியாக பாலிக்கு அதிகம் போகிறவர்கள் இந்தியர்கள்தான். அதனால் மே மாதத்தில் விடுதி மலிவாகக் கிடைத்தாலும் டிக்கெட் கையைக் கடிக்கும். ஜூன் முதல் இரண்டு வாரங்களில் நம் பள்ளிகள் திறந்துவிடும், ஆஸ்திரேலியப் பள்ளிகளோ இன்னும் மூடியிருக்காது. செப்டம்பர் முதல் மூன்று வாரங்களும் இப்படித்தான். அதன்பிறகு ஆஸ்திரேலியாவின் வசந்த விடுமுறை வரும், அதை ஒட்டி அக்டோபர் முதல் வாரம் சீனத் தேசிய விடுமுறை. என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முதலில் செப்டம்பர் இரண்டாம் வாரம், அடுத்தபடியாக ஜூன் முதல் வாரம்.

இனி பாலியின் சொந்த நாட்காட்டி. விலைப்பட்டியலோடு நின்றுவிடுகிறவர்கள் இதைத்தான் பார்ப்பதில்லை. அங்கே 210 நாட்கள் கொண்ட பவுக்கோன் என்ற சுழற்சி உண்டு. கலுங்கன் பண்டிகை அந்தக் கணக்கில் வருவதால் நம் மாதங்களோடு ஒட்டாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். 2025இல் ஏப்ரல் 23, நவம்பர் 19 என இரண்டு முறை வந்தது. 2026இல் ஜூன் 17. பத்து நாள் கழித்து அதன் நிறைவு நாளான குனிங்கன். முன்னோர் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. தெருவெங்கும் வீட்டு வாசலில் வளைந்த மூங்கில் கம்பம் நட்டு, குருத்தோலையும் நெற்கதிரும் கட்டி அலங்கரிப்பார்கள். பென்ஜோர் என்று பெயர். தோரணம் கட்டிப் பழகிய நமக்கு அதைப் பார்த்தால் மனம் நிறையும். ஆனால் உங்களுக்குச் சமைப்பவரும் வண்டி ஓட்டுபவரும் பாலி இந்துக்களாகத்தான் இருப்பார்கள். அவர்களும் தங்கள் கிராமத்துக்குப் போக வேண்டும். கலுங்கன் அன்றும் மறுநாளும் விடுதியில் ஆள் குறைவு. அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த இரு நாட்களை ஓய்வு நாட்களாக வையுங்கள். அவர்களை வேலைக்கு நிறுத்தி வைத்து நாம் அமைதியைத் தேடுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

நியெப்பி இதைவிடப் பெரிது. சாலிவாகன சகாப்தக் கணக்கில் பாலியின் புத்தாண்டுப் பிறப்பு. மார்ச் மாத அமாவாசையை ஒட்டி, பல ஆண்டுகளில் நம் பக்கம் யுகாதி வரும் நேரத்தில் வரும். 2025இல் மார்ச் 29, 2026இல் மார்ச் 19. காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு வரை தீவு முழுக்க அடங்கிவிடும். நெருப்பு மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது, பயணம் கூடாது, கேளிக்கை கூடாது என்று நான்கு விரதங்கள். டென்பசார் விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். 2018 முதல் கைப்பேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். சுற்றுலாப் பயணிக்கும் விலக்கு இல்லை, விடுதி வாசலைத் தாண்ட முடியாது, இரவில் விளக்கைக் குறைத்துத் திரை போட்டு வைப்பார்கள்.

அந்த நாளைத் தவிர்க்கச் சொல்லும் பயண ஏற்பாட்டாளர்கள் உண்டு. யோகா குழுவுக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். மார்ச் பிற்பகுதி மழையின் வால்தான், விலையும் குறைவு. மழைக்குத் துணிந்தவர்கள் நியெப்பியை ரிட்ரீட்டின் நான்காம் நாளில் விழும்படி அமைத்துக்கொள்ளலாம். மௌன விரதத்தை வகுப்பில் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும், ஒரு தீவே சேர்ந்து மௌனம் காக்கும்போது அதற்குள் உட்கார்ந்திருப்பது தனி அனுபவம். வாகன ஓசை இல்லை, விமானம் இல்லை. வானம் தெளிந்திருந்தால் இரவில் அத்தனை நட்சத்திரம். முந்தின நாள் மாலை ஓகோ ஓகோ என்ற பூத உருவங்களைத் தெருத்தெருவாகத் தூக்கி வருவார்கள், அதையும் பார்த்துவிட்டு வரலாம். ஒரே எச்சரிக்கை, சில ஆண்டுகளில் ரம்ஜான் பெருநாள் விடுமுறை இதோடு சேர்ந்து வரும் (2025, 2026 இரண்டிலும் அப்படித்தான்). அப்போது ஜாவாவிலிருந்து உள்நாட்டுப் பயணிகள் குவிவார்கள்.

தேதிக்குப் பிறகு இடம். பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு தீவின் உட்பகுதியில் இருக்கும் உபுட் என்பார்கள். 2007 முதல் இயங்கும் யோகா பார்ன் என்ற பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது, ஆசிரியர்களும் சைவ உணவகங்களும் அங்கேதான் அதிகம். ஆனால் உபுட் மலையடிவாரம், தென்கடற்கரையைவிட மழை கூடுதல், நடுத்தெருவில் போக்குவரத்து நெரிசல். செப்டம்பரில் உபுட்டுக்கு வெளியே ஒரு கிராமம் நல்ல தேர்வு. ஏப்ரலில் அல்லது அக்டோபர் கடைசியில் போவதென்றால் வடகிழக்கே ஆமெட் பக்கம் போங்கள். ஆகுங் மலையின் மழை மறைவுப் பகுதி அது, தீவிலேயே வறண்ட பக்கங்களில் ஒன்று. விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரம் ஆகலாம், ஆனால் போய்ச் சேர்ந்தால் கடல், மலை, நீங்கள், அவ்வளவுதான். வயல்வெளி வேண்டுமென்றால் கிழக்கே உள்ள சிடெமென் பள்ளத்தாக்கு. கேளிக்கைக்குப் பேர்போன கடற்கரைப் பகுதியான சாங்கு பக்கம் யோகா குழுவோடு போக வேண்டாம்.

விடுதியிடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது பயிற்சி மண்டபம். மூங்கில் கூரையும் நான்கு பக்கமும் திறந்த வெளியுமாகப் படத்தில் அழகாக இருக்கும். சாரல் அடித்தால் பாதித் தரை நனைந்துவிடும். மழை பெய்யும்போது எடுத்த காணொளி அனுப்பச் சொல்லுங்கள், மாற்று இடம் உண்டா என்று கேளுங்கள். அடுத்து, பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா என்று கேளுங்கள். கூட்டம் குறைந்த மாதங்களில்தான் விடுதிகள் பழுதுபார்ப்பை வைத்துக்கொள்கின்றன. சவாசனத்தில் படுத்திருக்கும்போது டைல்ஸ் அறுக்கும் சத்தம் கேட்டால் அந்த வாரமே வீண். சொன்ன விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கமா என்பதும் முக்கியம். சேர்க்காமல் சொல்வது அங்கே வழக்கம், சேர்த்தால் சுமார் 21 சதவீதம் கூடும். இந்த மாதங்களில் விலையைவிட நிபந்தனைகளில் இறங்கி வருவார்கள். முன்பணம் குறைக்க, ஒருவர் விலகினால் பணம் திரும்பப் பெற, வழிநடத்துபவருக்கு அறை இலவசமாகக் கேட்க இதுதான் சமயம்.

வகுப்பை நீங்களே எடுக்கலாமா என்பது கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்தியர்களுக்கு வந்திறங்கி வாங்கும் விசா 30 நாள், 5 லட்சம் ருப்பியா (இந்தோனேசிய நாணயம்). அதை ஒருமுறை நீட்டிக்கலாம். அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. மாணவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கே வகுப்பு நடத்துவது வேலையாகவே கருதப்படும், குடிவரவுத் துறை நாடு கடத்தவும் செய்யும். உரிய அனுமதி உள்ள உள்ளூர் மையத்தோடு சேர்ந்து, அவர்கள் ஆசிரியர் வகுப்பெடுக்க நீங்கள் குழுவோடு மாணவராக இருங்கள், அல்லது மையத்தின் மூலம் முறையான விசாவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இது தவிர 2024 பிப்ரவரி 14 முதல் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியும் பாலி மாகாணத்துக்கு 1.5 லட்சம் ருப்பியா கட்ட வேண்டும். இணையத்திலேயே கட்டிவிடலாம்.

அட்டவணை போடும்போது நேர வித்தியாசத்தை மறக்காதீர்கள். பாலி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை ஆறரை வகுப்பு என்றால் உங்கள் மாணவர் உடம்புக்கு அது அதிகாலை நான்கு. சிங்கப்பூர் வழியாக இரவெல்லாம் விழித்து வந்தவர்களை மறுநாளே சூரிய நமஸ்காரத்துக்கு எழுப்பாதீர்கள். முதல் நாள் மாலையில் மெதுவான நீட்சிப் பயிற்சியும் யோக நித்திரையும் போதும், அடுத்த நாள் எட்டு மணிக்குத் தொடங்கி, பிறகு படிப்படியாக முன்னே கொண்டு வாருங்கள். ஆசனம் காலையில், மழை வந்தாலும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். பகலில் மூன்று மணி நேரம் எதையும் வைக்காதீர்கள். ஆண்டு முழுதும் மாலை ஆறிலிருந்து ஏழு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் ஊர், எனவே மாலைப் பிராணாயாமம் ஐந்து மணிக்கே. நாளுக்கு இரண்டு அமர்வு, நடுவில் ஒரு முழு ஓய்வு நாள். இதற்கு மேல் திணித்தால் மூன்றாம் நாளே இரண்டு பேர் அறையைவிட்டு வெளியே வர மாட்டார்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவைப்படும் ஒரே விஷயம் தெராசி, அதாவது இறால் விழுது. காய்கறி என்று நினைத்துச் சாப்பிடும் பல சம்பல்களிலும் (மிளகாய்த் துவையல்) கீரைப் பொரியல்களிலும் அது இருக்கும். "தன்பா தெராசி" என்று சொன்னால் சேர்க்காமல் தருவார்கள், ஆனால் குழுவில் சுத்த சைவர்கள் இருந்தால் விடுதிச் சமையல்காரரிடம் எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா கட்டி) தேங்காயும் தாராளமாகக் கிடைப்பதால் சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். காலையில் காபிக்குப் பதில் குனியிட் ஆசம் கேளுங்கள். மஞ்சளும் புளியும் சேர்த்துக் காய்ச்சும் ஜாமு, அதாவது மரபு மூலிகைப் பான வகை, நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். இந்த ஜாமு மரபை 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பச்சைத் தண்ணீரைப் பல் துலக்கக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

ஓய்வு நாளில் தீர்த்த எம்புல் போகலாம். தம்பாக்சிரிங்கில் உள்ள பத்தாம் நூற்றாண்டு ஊற்றுக் கோயில். வரிசையாக நீர்த்தாரைகளின் கீழ் தலை குனிந்து செய்யும் மெலுக்காத் என்ற நீராட்டு அங்கே வழிபாடு, படம் எடுக்கும் இடமல்ல. கோயில் திறந்ததும் போனால் கூட்டத்துக்கு முன்னே அமைதியாகச் செய்யலாம். மாதவிடாய் நாட்களில் பெண்கள் உள்ளே வரக் கூடாது என்பது அவர்கள் விதி. உடன்படுவதும் படாததும் நம் விஷயம், ஆனால் வாசலில் நின்று ஒருவர் சங்கடப்படாதபடி ஊரிலிருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

உபுட் குரங்குக் காட்டைப் பட்டியலில் வைக்காதீர்கள். 2008 முதல் பாலியில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது, குரங்கு கடித்தாலும் கீறினாலும் தடுப்பூசிக்கு ஓட வேண்டும், பயணத்தின் மீதி அதிலேயே போய்விடும். ஸ்கூட்டரும் வேண்டாம். இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். குழுவுக்கு ஒரு வேனும் ஓட்டுநரும் பேசிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் என்று முடிவு செய்தால் மார்ச் மாதமே விடுதிக்கு முதல் கடிதம் போய்விட வேண்டும். தேதியில் ஒரு வாரம் முன்பின் தளர்வு உண்டு என்று எழுதுங்கள், எத்தனை பேர் சைவம், எத்தனை பேருக்கு மூட்டு வலி, இரத்த அழுத்தம் என்பதையும் முதல் கடிதத்திலேயே சேருங்கள். நல்ல இடமாக இருந்தால் பதிலில் விலைக்கு முன் இவற்றைப் பற்றிக் கேள்வி வரும். அப்படிக் கேட்கும் இடத்துக்கே முன்பணம் அனுப்புங்கள்.